ஜீப்பு வராத ஆண்டு

(தேனி மாவட்டம் தேவாரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பைப் 'பெருந்தொற்றுக் காலத்தில் மாற்றுத்திறன் குழந்தைகள்: இல்லமும் சமூகமும்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். நல்ல தலைப்புதான். ஆனால் மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற இந்த ஊரில் நின்றுகொண்டு, அந்தத் தலைப்பில் பேச எனக்கு வாய் வரவில்லை. நான் ஜீப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே விடிவதற்கு முன்பே தெருமுனைகளில் ஜீப்பு வந்து நிற்கும். தூக்குவாளி, தலைத்துணி, வெற்றிலைப் பை. பத்துப் பேர் ஏறவேண்டிய வண்டியில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று இந்த மேடையில் சொன்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் ஏறி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போவார்கள். தேவாரத்துக்கு நேர் எதிரேதான் மலை நிற்கிறது. ஆனாலும் நேராக ஏறச் சாலை இல்லை. சாக்கலூத்து மெட்டுச் சாலை கேட்டுத் தலைமுறைகளாக மனுக் கொடுத்துவருகிறோம். சுற்றித்தான் போகவேண்டும், அதனால் இன்னும் முன்னதாகவே கிளம்பவேண்டும். போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காய் எடுப்பதற்குப் பெண்களின் விரல்தான் வேண்டும் என்பார்கள்.

2020 மார்ச் 24, மாலை ஆறு மணி. தமிழ்நாடு முழுக்க 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவில் நாடு முழுவதற்கும் பொதுமுடக்கம். மாநில எல்லை அடைபட்டது. போடியில் ஏலக்காய் விற்பனையும் நின்றது. மறுநாள் விடியலில் ஜீப்பு வரவில்லை.

நான் அப்போது வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியை. தொகுப்பூதியம்தான், அந்தக் கதையைத் தொடங்கினால் இந்தச் சொற்பொழிவு வேறு திசைக்குப் போய்விடும். பள்ளிக்கு வரவே முடியாத அளவுக்குக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வி என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதை உரிமையாக்கியது, 2009-இல் வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம். நான் வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போவேன். ஒரு மணி நேரம் இருப்பேன். கை காலை நீட்டி மடக்கிவிடுவேன், படம் காட்டுவேன், பெயர் சொல்லிப் பழக்குவேன், பதிவேட்டில் எழுதிக்கொண்டு வருவேன். பதினைந்து ஆண்டுகள் இதைச் செய்துவிட்டு, நான்தான் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் என்னுடையது ஒன்று. மிச்சம் 167 மணி நேரமும் அந்தப் பிள்ளை யார் கையில் இருந்தது? இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததே பொதுமுடக்கத்தில், வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான்.

பள்ளிகள் மூடின. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. தொலைக்காட்சி பேசும், எதிரில் இருப்பவன் சொல்வது அதன் காதில் விழாது. செவித்திறன் குறைந்த பிள்ளைகளோ உதட்டசைவைப் பார்த்துப் பழகியவர்கள். இப்போது கடைக்காரர் முதல் அக்கம்பக்கத்துக்காரர் வரை எல்லார் வாயும் முகக்கவசத்துக்குள் போய்விட்டது. எங்களைப் போன்றவர்களிடம் பயிற்சிக் காணொலிகளை வாட்ஸப்பில் பெற்றோருக்கு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். ஒரு வீட்டில் ஒரு கைபேசிதான், அதுவும் அப்பா சட்டைப்பையில். இரண்டு நீலக்குறி விழுந்தால் பயிற்சி நடந்துவிட்டதாகப் பதிவேடு சொல்லிற்று. அப்படி எழுதியவள் நான்தான், வேறு யாரையும் குறை சொல்லவில்லை. ஸ்வாபிமான் என்ற ஒடிசா அமைப்பு 2020 நடுவில் ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டது. இணையவழி வகுப்பைச் சமாளிக்க முடியாமல் மாற்றுத்திறன் மாணவர்களில் சுமார் 43 விழுக்காட்டினர் படிப்பையே விட்டுவிட நினைக்கிறார்கள் என்றது அது. எங்கள் வீட்டுவழிப் பிள்ளைகள் அந்தக் கணக்கில்கூட வரமாட்டார்கள். அவர்களுக்கு விடுவதற்கு வகுப்பே இல்லையே.

முதலில் வந்த அலறல் படிப்புக்காக இல்லை, மருந்துக்காக. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு வலிப்பும் சேர்ந்தே இருக்கும். எங்கள் பக்கத்தில் 'வெட்டு' என்பார்கள். வால்புரோயேட் சிரப்பைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் வெட்டு விடாமல் தொடர்ந்து வரும், உயிருக்கே ஆபத்தாகிவிடும். அந்தச் சிரப்புக்குத் தேனியைத் தாண்டிக் க.விலக்கில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வந்த வீடுகள் உண்டு. பேருந்து இல்லை. ஜூனில் ஓடத் தொடங்கியது, ஜூலையில் மறுபடி நின்றது, மாவட்டத்துக்குள் ஓடச் செப்டம்பர் 1 ஆயிற்று. சில தாய்மார்கள் ஒரு காரியம் செய்தார்கள். பாட்டில் சீக்கிரம் தீர்ந்துவிடக்கூடாதென்று ஐந்து மில்லியை மூன்று மில்லியாக்கினார்கள். சிக்கனம் என்பது நம் வீடுகளில் குணம். மருந்தில் அதுவே விஷம். இதை முன்கூட்டிச் சொல்லிவைக்க எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கள் மையத்துப் பிசியோ சாரும் நானும் அந்த ஏப்ரலில் செய்த உருப்படியான ஒரே வேலை, யார் வீட்டில் எத்தனை நாள் சிரப்பு இருக்கிறது என்று போனில் கேட்டுப் பட்டியல் எடுத்ததும், ரோந்துக்கு வந்த காவலர் ஒருவரிடம் சீட்டைக் கொடுத்து வாங்கிவரச் செய்ததும்தான். அவர் மோட்டார் சைக்கிள் பெட்டியில் சிரப்பு பாட்டில்களோடு வந்து நின்ற காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

ஜூன் மாதம். முகத்தை மூடிக்கொண்டு, தள்ளி நின்று, ஒவ்வொரு வீடாக மறுபடி போகத் தொடங்கினேன். பிள்ளைகள் எல்லாம் இறுகிப்போய்க் கிடப்பார்கள் என்று பயந்துகொண்டே போனேன். மூளை முடக்குவாதத்தில் மூளைக்கு நேர்ந்த பாதிப்பு வளர்வதில்லை. ஆனால் தசை இறுகுவது வளரும். பிள்ளையின் எலும்பு நீளும், இறுகிய தசை நீளாது. முழங்கால் மடங்கியே நின்றுவிடும், குதிகால் தரையைத் தொடாது. மூன்று மாதம் கவனிக்காமல் விட்டதை மூன்று வருடத்தில் மீட்க முடியாது.

என் பயம் சில வீடுகளில் பலித்தது. ஒரு பையனின் முழங்கால் நான் விட்டுப்போன கோணத்தில் இல்லை. ஆட்டிசம் உள்ள ஒரு பையன், காலை ஒன்பது மணிக்குப் பகல்நேர மையத்து வண்டி வரும் என்ற ஒரே ஒரு நிச்சயத்தின் மேல் தன் நாளைக் கட்டியிருந்தவன், வண்டி வராத வாசலில் உட்கார்ந்து புறங்கையைக் கடித்துக் கடித்துக் காய்ப்பாக்கி வைத்திருந்தான். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி. மாதவிலக்கு நாட்களில் அவளைத் தனியாகத் தூக்கிக் குளிப்பாட்டி அவள் தாய்க்கு இடுப்பு போயிருந்தது. பக்கத்து வீட்டு அத்தை வந்து கைகொடுப்பது வழக்கம், தொற்றுப் பயத்தில் அதுவும் நின்றிருந்தது. ஊருக்கே ஊரடங்கு வந்தபோது, 'எங்களுக்கு இது எட்டு வருசமா இருக்கு டீச்சர்' என்று சொன்னவர் அவர்தான்.

ஆனால் வேறு சில வீடுகளில் நான் பார்த்ததற்கு நான் தயாராக இல்லை. பிள்ளைகள் தேறியிருந்தார்கள்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். ஆறு வயதுப் பையன். கழுத்து நிற்காது, கால்கள் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். தாய் தோட்டத்துக்குப் போகிறவர். அவர் கிளம்பும்போது பையன் தூங்குவான், திரும்பும்போது விளக்கு வைத்திருப்பார்கள். பகலெல்லாம் அம்மாச்சி. அம்மாச்சிக்கு மூட்டு வலி, பையனைத் தூக்க முடியாது. கட்டிலில் படுத்தவாக்கிலேயே கரைத்த சோற்றை வாயில் ஊற்றுவார். படுத்தவாக்கில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழலுக்குள் போகும். மாதம் தவறாமல் சளி, காய்ச்சல், மருத்துவமனை. உட்காரவைத்துத்தான் ஊட்டவேண்டும், தலை சற்று முன்னால் சாய்ந்திருக்கவேண்டும், கரண்டி எதிரிலிருந்து வரவேண்டும் என்று நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். பதிவேட்டில் 'பெற்றோருக்கு அறிவுரை வழங்கப்பட்டது' என்று இருக்கும். யாரிடம் சொன்னேன்? அம்மாச்சியிடம். தூக்க முடியாதவரிடம்.

அந்த ஜூனில் போனபோது பையன் சுவர் மூலையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு சுவரும் தோளை முன்னால் தள்ளித் தாங்கிக்கொள்ள, கால்களுக்கிடையில் ஒரு பழைய தலையணை. பயிற்சி மையங்களில் மூலை நாற்காலி என்று மரத்தில் செய்து வைத்திருப்பார்கள். சுவர் மூலையே போதும் என்று முன்பு நான்தான் காட்டிக்கொடுத்திருந்தேன். காட்டியதோடு சரி. இப்போது அவன் தோள் எங்கே வரவேண்டும் என்று சுவரில் கரியால் கோடு போட்டிருந்தது. கோட்டுக்குக் கீழே தோள் சரிந்தால், ஒரு சாக்கை மடித்து அடியில் வைப்பார்களாம். மூன்று மாதமாகச் சளி இல்லை. தாய் சொன்னார்: 'ஏம்புள்ளைக்கு நானே சோறு ஊட்டுனது இந்த மூணு மாசந்தான் டீச்சர்.'

மகிழ்ச்சியாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டு, ரேஷன் அரிசி தவிர வீட்டில் ஒன்றும் இல்லை என்பதையும் அதே குரலில்தான் சொன்னார்.

அந்தப் பிள்ளையின் மிக நல்ல காலமும் அந்த வீட்டின் மிக மோசமான காலமும் ஒன்றாக இருந்தன. இதைத்தான் நான் இங்கே சொல்ல வந்தேன். கொள்ளைநோய் வந்து தாய்மார்களுக்குக் குழந்தை வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தது என்று யாராவது இதை அழகுபடுத்தினால் நான் சண்டைக்கு வருவேன். அவர்களுக்குத் தெரியாதது குறைவு. இல்லாதது நேரம். நேரம் இருந்த மாதங்களில் கூலி இல்லை.

நம்முடைய வீடுகளில் ஏற்கெனவே எவ்வளவு வைத்தியம் கிடக்கிறது என்று பாருங்கள். பிள்ளையை ஒக்கலில் வைத்துத் தூக்குகிறோமே, கால் இரண்டையும் விரித்து இடுப்பைச் சுற்றிப் போட்டு. பின்னிக்கொள்ளும் கால்களுக்கு அதைவிட நல்ல தூக்குமுறை இல்லை. இடுப்பு மூட்டு நழுவாமல் இருக்கவும் அது உதவும். தொட்டிலில் போடும் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனால்தான் கெடுதல். மூன்று சக்கர நடைவண்டி இருக்கிறது. நடக்கத் தாமதிக்கும் பிள்ளையை முற்றத்து மணலில் இடுப்பளவு குழி பறித்து நிற்கவைக்கிற வழக்கம் இருக்கிறது. நிற்கும் சட்டகம் என்று ஆயிரக்கணக்கில் விலைபோட்டு விற்பதும் செய்வது அதைத்தான், மணல் இன்னும் மிருதுவாகச் செய்கிறது. நிலக்கடலை உரிப்பது, மொச்சை உடைப்பது, ஏலக்காயில் பெரிது சிறிது பிரிப்பது எல்லாமே விரலுக்குப் பயிற்சி. போடியில் கூலிக்குத் தரம்பிரிக்கிற ஒரு தாய், பிளவுபட்ட காயைத் தனியே எடுத்துப்போடத் தன் டவுன் நோய்க்குறி மகளைப் பழக்கிவிட்டார். அவள் என் படஅட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

தாயே முதல் பயிற்றுநர் என்பது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. வேலூர் சி.எம்.சி.யில் நம்பிக்கை நிலையம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையோடு பெற்றோரும் அங்கேயே தங்கிப் பழகிக்கொண்டு ஊருக்குத் திரும்புவார்கள். மெக்சிகோ மலைக்கிராமம் ஒன்றில் வேலைசெய்த டேவிட் வெர்னர், கிராமத்து மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக 1987-இல் எழுதிய பெரும் கையேடு முழுக்க மூங்கிலும் டயரும் மண்ணும்தான். நமக்குக் கிட்டத்தில், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. அவருக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த அமைப்பின் கிராமப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ச் சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்து, ஒவ்வொரு குழந்தையின் முன்னேற்றத்தையும் கைபேசிச் செயலியில் குறித்து, மேலே இருக்கிற நிபுணருக்குக் காட்டுகிறார்கள். பொதுமுடக்கம் வந்தபோது தொலைபேசியிலும் காணொலியிலும் அவர்களால் தொடர முடிந்தது. நாங்களும் அனுப்பினோம் காணொலி. வேறுபாடு என்னவென்றால், அங்கே போனின் மறுபக்கத்தில் இருந்த தாய் ஏற்கெனவே வேலையில் பங்காளி. எங்கள் பக்கத்தில் அவர், நான் பயிற்சி கொடுக்கும்போது காப்பி போட உள்ளே போனவர்.

இங்கே ஒரு சின்ன விலகல். 1937-இல் சிகாகோவில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது பள்ளிகளை மூடிவிட்டு வானொலியில் பாடம் நடத்தினார்கள். வானொலி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி அன்றே எழுந்தது. அந்த நோயே கால் சூம்பிப்போன ஒரு தலைமுறையை விட்டுச்சென்றது. நம் ஊரில் அந்தத் தலைமுறை இப்போது ஐம்பதைத் தாண்டிப் பெட்டிக்கடையிலும் தையல் கடையிலும் உட்கார்ந்திருக்கிறது. அவர்களைக் கேட்டுப்பாருங்கள், யார் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டு நடக்கவைத்தது என்று.

சட்டம் என்ன சொல்கிறது? நன்றாகவே சொல்கிறது. 1995-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான். 2016 சட்டத்தில் அது 21 ஆயிற்று. அதன் எட்டாம் பிரிவு, பேரிடர் காலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்கிறது. 2020 மார்ச் கடைசியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், அவர்களைப் பராமரிப்பவர்களுக்கு நடமாட அனுமதி கொடுக்கச் சொன்னது. எல்லாம் சரி. ஆனால் அந்தப் பராமரிப்பவர் வேறு எங்கிருந்தோ வருகிறவர் என்று எழுதினவர்கள் கற்பனை செய்திருக்கிறார்கள். இங்கே பராமரிப்பவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது நடமாட அனுமதி இல்லை, நடமாடாமல் இருப்பதற்கான கூலி.

தமிழ்நாட்டில் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. இதற்காகவே நம் மாநிலத்தைப் பாராட்டவேண்டும், பல மாநிலங்களில் இந்தப் பெயரிலேயே ஒன்று கிடையாது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அப்போது மாதம் 1,500 ரூபாய், பிறகு 2,000 ஆனது. 2020 ஜூனில் அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு ஒருமுறை 1,000 ரூபாயும் வந்தது. அந்த 1,500-ஐ ஏலத்தோட்டக் கூலியாக மாற்றிப் பாருங்கள். ஏறக்குறைய நான்கு நாள். மாதத்தில் நான்கு நாள் பிள்ளையோடு இருக்கலாம், மிச்ச நாளெல்லாம் ஜீப்பு ஏறு என்று அரசு சொல்வதாகத்தான் எனக்குக் கேட்கிறது. அதுவும் பணம் பிள்ளையின் பெயரில் வருகிறது. அந்த வேலையைச் செய்கிறவர் எந்தக் கணக்கிலும் வேலைசெய்பவராக இல்லை. அரசு ஊரக வேலைத்திட்டத்தில் குளம் வெட்டினால் சம்பளம், வரப்புப் போட்டால் சம்பளம். முப்பது கிலோப் பிள்ளையை ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை தூக்கி இறக்கினால் அது பாசம்.

தகப்பன்மார்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று ஒரு தம்பி முகத்தைச் சுளிக்கிறார். சொல்லிவிடுகிறேன். சாராயக் கதை மட்டுமில்லை அது. வேலையில்லாத அந்த மாதங்களில் ஒரு கொத்தனார் வாசலில் இரண்டு மூங்கிலை இணையாக நட்டுத் தன் மகளைப் பிடித்து நடக்கவைத்தார், சாய்தளமும் போட்டார். ரசமட்டம் வைத்துச் சரிவு பார்த்துப் போட்ட சாய்தளம். அரசுக் கட்டடங்களில் போடுகிறார்களே, உருண்டு விழுவதற்கென்றே, அப்படியில்லை. கைத்தொழில் தெரிந்த அப்பாக்களிடம் நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. நாங்கள் போகும் நேரத்தில் அவர்கள் வீட்டில் இருப்பதில்லை, அவ்வளவுதான் காரணம்.

2021-இல் இரண்டாம் அலை. அதைப் பற்றி அதிகம் பேசமாட்டேன், இந்த அவையிலேயே அதில் ஆளை இழந்தவர்கள் இருக்கிறீர்கள். ஒன்று மட்டும். பிள்ளையை விட்டுவிட்டுத் தடுப்பூசி வரிசையில் நிற்க முடியாத தாய்மார்களை எங்களுக்குத் தெரியும். நகர முடியாதவர்களுக்கு வீட்டிலேயே ஊசி போடலாம் என்று மத்திய அரசு சொன்னது 2021 செப்டம்பர் 23-ஆம் தேதி. அதற்குள் அலை வந்து போய்விட்டிருந்தது. அந்தத் தாய் படுத்துவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அந்த வீடுகள் இரவெல்லாம் விழித்துக்கொண்டு பதில் தேடின. ஒரு தாய் மட்டும் காரியமாக ஒன்று செய்தார். ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்தார்: எந்த நேரம் எந்தச் சிரப்பு, எவ்வளவு, பசித்தால் எப்படிக் கண்ணைச் சிமிட்டுவான், எந்தப் பக்கம் படுக்கவைத்தால் அழுவான், எந்தப் பாட்டுக்கு அடங்குவான். எனக்குப் பதினைந்து ஆண்டுப் பதிவேட்டில் கிடைக்காத செய்தி அந்த நோட்டில் நாலு பக்கத்தில் இருந்தது. அதிலிருந்து எல்லா வீட்டிலும் ஒரு நோட்டு போடச் சொன்னேன். எழுதத் தெரியாத வீட்டில் அக்காவோ தம்பியோ எழுதினார்கள். இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டென்றால் அது இதுதான்: அடுத்த ஆண்டு சால்வைக்கும் நினைவுப்பரிசுக்கும் ஆகிற செலவில் நோட்டு வாங்கிக் கொடுங்கள்.

எல்லை திறந்தது. ஜீப்பும் வந்தது. பள்ளிகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து முழுக்கத் திறக்க 2021 நவம்பர் 1 ஆயிற்று. ஜீப்பு அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது.

கரிக்கோடு போட்டிருந்த வீட்டுக்கு, எல்லாம் அடங்கிய பிறகு ஒரு தைமாதம் போனேன். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மூலையில் பழைய கோடு மறைந்து, நாலு விரற்கடை மேலே புதிதாக ஒரு கோடு இருந்தது.

'யாரு பாட்டி போட்டது?' என்றேன்.

'நாந்தேன். பிள்ளை வளராதா டீச்சர்?'

பையன் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் கரைத்த சோறு.

'கோடு போட்டுட்டேன். தூக்கத்தேன் முடியல' என்றார் அம்மாச்சி. அப்போது மணி மூன்று. ஜீப்பு இறங்க ஆறாகும்.